30 மீட்டருக்கு இறங்கும் முன் எதை வாங்குவது, எதை விடுவது?

கேட்டவர் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி. போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற முதல்கட்ட ஸ்கூபா டைவிங் பயிற்சியை முடித்தார். கர்நாடகத்தில் முருடேஸ்வருக்கு அருகிலுள்ள நேத்ராணி தீவில் போனதையும் சேர்த்து இதுவரை 11 டைவ். ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) போய் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு படிக்கப் போகிறார், அதில் 30 மீட்டர் டைவ் ஒன்று உண்டு. கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. "முதலில் நல்ல ரெகுலேட்டர் வாங்கு என்கிறார்கள், சரியா? அந்த ஆழத்தில் என்ன கவனிக்க வேண்டும்? முடிந்தால் 40 வரை போய்ப் பார்க்கலாமா?" என்று மூன்று கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும், கையில் கட்டும் கருவி) வாங்குங்கள். அடுத்து முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், அப்புறம் மேலே மிதக்கவிடும் ஆரஞ்சு நிற சிக்னல் பலூனும் அதற்கான நூல் சுருளும். ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாயில் தரும் கருவி) இப்போதைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். 40 மீட்டர் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

இனி காரணம். நான் பெங்களூரில் இருந்துகொண்டே பதினைந்து வருடமாகக் கடலுக்குப் போய்வருகிறவன். சில வருடம் வார இறுதிகளில் டைவ்மாஸ்டராகப் புதியவர்களோடு இறங்கியிருக்கிறேன். ஆழம் என்றதும் எல்லோருக்கும் அழுத்தமும் சுறாவும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் பார்த்தவரை ஆழத்தில் ஆளை மாட்டிவிடுவது காற்றுக் கணக்கு. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடலில் 10 மீட்டருக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) வீதம் அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1 பார், 30 மீட்டரில் 4 பார். ரெகுலேட்டர் உங்களைச் சுற்றியுள்ள அழுத்தத்திலேயே காற்றைத் தருவதால் ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து நான்கு மடங்கு காற்று போகிறது. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று. 80 ஆல் வகுத்தால் 27 நிமிடம், அதுவும் கடைசி மூச்சுவரை உறிஞ்சினால்.

படகில் விளக்கம் சொல்பவர், "50 பாரோடு மேலே வந்துவிடுங்கள்" என்பார். 12 மீட்டர் டைவுக்கு அது போதும். 30 மீட்டரில் அதை வைத்துக்கொண்டு திட்டமிட முடியாது. நீங்களே போட்டுப் பாருங்கள். உங்களோடு வந்தவருக்குக் காற்று தீர்ந்துவிடுகிறது, உங்கள் ஆக்டோபஸை (ரெகுலேட்டரில் உபரியாக இருக்கும் இரண்டாவது வாய்க்கருவி) எடுத்து வாயில் வைக்கிறார். இருவரும் பயந்து மூச்சு வாங்குவதால் ஆளுக்கு 30, சேர்ந்து 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழே நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம்: 60 பெருக்கல் 4, அதாவது 240 லிட்டர். பதறாமல் மேலே வர நாலு நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார்: 600 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 270 லிட்டர். மொத்தம் 1,110. அதை 11.1 ஆல் வகுத்தால் 100 பார்.

ஆக, 30 மீட்டரில் உங்கள் கேஜ் (சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மானி) 100 பார் காட்டும்போதே மேலே கிளம்பிவிட வேண்டும். பாதி சிலிண்டர் உங்களுடையதே அல்ல, கூட வருபவருடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,100 லிட்டரில் இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 14 நிமிடம் கிடைக்கும். பதினொரு டைவ் அனுபவத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டருக்குள் மூச்சுவிடுவதும் கடினம், 25 என்று வைத்தால் 11 நிமிடம். ஹேவ்லாக் போகுமுன் ஒரு புதுச்சேரி டைவில் உங்கள் உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் நீந்தி, எத்தனை பார் குறைந்தது என்று பார்த்து, 11.1 ஆல் பெருக்கி, பத்தாலும் அந்த ஆழத்தின் அழுத்தத்தாலும் வகுத்தால் வந்துவிடும். செலவே இல்லாத வேலை இது. முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

கம்ப்யூட்டரை ஏன் முதலில் வாங்கச் சொல்கிறேன்? ஆழம் கூடக்கூட உடம்பில் நைட்ரஜன் வேகமாகக் கரைவதால், கீழே இருக்க அனுமதிக்கப்படும் நேரம் மளமளவென்று சரிகிறது. நாம் படித்த பாடி (PADI) பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20, 40 மீட்டரில் வெறும் 9. இதுவரை நீங்கள் போன டைவ்களில் காற்று குறைந்ததால் மேலே வந்திருப்பீர்கள், நைட்ரஜன் கணக்கு குறுக்கே வந்திருக்காது. இனிமேல் வரும். கம்ப்யூட்டரை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது சரிவராது. நீங்கள் இரண்டு மீட்டர் கீழே மீனைப் படம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள், அந்தக் கம்ப்யூட்டர் அவர் கையில் அவருடைய ஆழத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். வாடகைக் கம்ப்யூட்டரில் வேறு தொல்லை. முந்தின நாள் வேறு யாரோ கட்டியிருந்தால் அவர் உடம்பின் நைட்ரஜனைத்தான் அது நினைவில் வைத்திருக்கும்.

எந்த மாடல்? சூன்டோ, மாரெஸ், கிரெஸ்ஸி மூன்றிலும் அடிப்படை மாடல்கள் போதும். ஷியர்வாட்டரின் வண்ணத் திரை கண்ணுக்குச் சுகம். எனக்கு நாற்பது தாண்டியபின் அதன் அருமை தெரிந்தது, உங்களுக்கு அவசரமில்லை. எண்கள் பெரிதாக இருக்க வேண்டும், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) வசதி வேண்டும், பேட்டரியை நீங்களே மாற்றவோ சார்ஜ் செய்யவோ முடிய வேண்டும். வாங்கியபின் கையேட்டை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். 30 மீட்டரில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் இருக்கட்டும். கம்ப்யூட்டர் கூவினால் அது சொல்வதுதான் சரி, உங்கள் உள்ளுணர்வு அல்ல.

ரெகுலேட்டரைத் தள்ளிப்போடச் சொன்னேனே தவிர, அது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. நீர்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.3 கிராம். 30 மீட்டரில் அது 5 கிராமைத் தாண்டுகிறது. கூழைக் குழாயில் உறிஞ்சுவதுபோலக் காற்று கெட்டியாகிறது. நுரையீரலும் ரெகுலேட்டரும் கூடுதலாக உழைக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறாமல் தேங்கும். தேங்கினால் மூச்சு முட்டும், பதற்றம் வரும், பதற்றத்தில் இன்னும் வேகமாக இழுப்போம். டைவிங் மருத்துவ ஆய்வாளர்கள் இந்த அடர்த்திக்கு ஒரு வரம்பு சொல்கிறார்கள்: லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 6.2 கிராமைத் தாண்டவே கூடாது. சாதாரணக் காற்றில் முதல் வரம்பு 30 மீட்டரை ஒட்டி வருகிறது, இரண்டாவது வரம்பு 40 மீட்டரை எட்டும் முன்பே வந்துவிடுகிறது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர் என்று பாடத்தில் இருப்பது உண்மை, ஆனால் அதற்குத் தனியாக டீப் பயிற்சி உண்டு. அங்கே ஒன்பது நிமிட அவகாசத்தோடும் கெட்டியான காற்றோடும் இருக்கும்போது, அதுவரை பழகிய எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மோசமாக நடக்கும்.

வாடகைக்கு எடுக்கும்போது ரெகுலேட்டரின் முதல் நிலை (சிலிண்டரில் பொருந்தும் பகுதி) 'பேலன்ஸ்டு' வகையா என்று கேளுங்கள். சிலிண்டர் அழுத்தம் இறங்கினாலும் மூச்சிழுக்கும் எளிமை மாறாதது அந்த வகை. மற்றதில் ஆழமும் குறைந்த அழுத்தமும் சேர்ந்தால் உறிஞ்சுவது கனக்கும். அப்புறம் ஆக்டோபஸிலும் நாலு மூச்சு இழுத்துப் பாருங்கள். பலர் அதை வாயில் வைத்தே பார்ப்பதில்லை. கூட வருபவர் நம்பியிருப்பது அதைத்தான்.

மூச்சிழுக்கும்போது கண் கேஜில் இருக்கட்டும். முள் அசையக் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு படகில், நான் என் சிலிண்டர் வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். உதவிக்கு நின்ற பையன் நல்லெண்ணத்தில் ஒருமுறை திருகிச் சரிபார்த்தான். எந்தப் பக்கம் திருகினான் என்று நான் கவனிக்கவில்லை. படகில் மூச்சு சுலபமாக வந்தது, 10 மீட்டரிலும் வந்தது. 24 மீட்டரில் இழுத்தால் பாதி மூச்சுதான் வருகிறது. கேஜைப் பார்க்கிறேன், இழுக்கும்போது 160-லிருந்து 60-க்கு விழுந்து, விட்டதும் திரும்ப 160-க்கு ஏறுகிறது. வால்வு கொஞ்சம்தான் திறந்திருந்தது. மேலே அது போதுமானதாக இருந்தது, கீழே மூன்று மடங்குக்கும் மேலான தேவைக்குப் போதவில்லை. நல்லவேளை, மனைவி இரண்டு கை தூரத்தில் இருந்தாள். அவள் ஆக்டோபஸை எடுத்துக்கொண்டேன், அவளே பின்னால் வந்து வால்வைத் திறந்துவிட்டாள், டைவை அத்தோடு முடித்துக்கொண்டோம். முழுதாகத் திறந்து கால் சுற்று பின்னால் திருப்பு என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். முழுதாகத் திறக்கிறேன், அப்படியே விடுகிறேன், மூன்று மூச்சு இழுத்து முள்ளைப் பார்க்கிறேன்.

தனியாக ஒரு குட்டி சிலிண்டர் கட்டிக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 3 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் 600 லிட்டர் தரும். மேலே போட்ட கணக்கை ஒரு ஆளுக்குப் போட்டால் 555 லிட்டர் வருகிறது, ஆகவே அது உண்மையான மாற்று. கைக்குள் அடங்கும் சின்னக் குப்பிகளில் 85 லிட்டர் கொள்ளும் ஒன்றை எடுத்தால், 30 மீட்டரில் பயந்த மூச்சுக்கு முக்கால் நிமிடம்கூட வராது. மனதுக்குத் தைரியம் தரும், உடம்பை மேலே சேர்க்காது. உங்களுக்கு இப்போது இரண்டும் வேண்டாம். விமானத்தில் காலி சிலிண்டராகத்தான் தூக்கிக்கொண்டு போக முடியும், உள்நாட்டு விமானத்தின் 15 கிலோ அனுமதியில் அது பெரும் பங்கைத் தின்றுவிடும். கூட வருபவரைக் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது இப்போதைக்கு அதைவிட மேல்.

வெட்சூட் விஷயத்தில் செலவு செய்யாதீர்கள். அந்தமான் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும், 3 மில்லிமீட்டர் வாடகை சூட் தாராளம். ஆனால் இறங்குவதற்காக உடம்பில் கட்டும் ஈயத்தின் எடையில் கவனம் வேண்டும். ஆழத்தில் சூட் நசுங்கி மிதப்பை இழக்கிறது. ஏற்கெனவே அதிகமாக ஈயம் கட்டியிருந்தால் கல்லைப் போல இறங்குவீர்கள், பிசிடியில் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) காற்றை அடைத்துக்கொண்டே இருப்பீர்கள், அந்தக் காற்றும் அதே சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. நிரம்பிய சிலிண்டரில் உள்ள காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். எனவே எடையைச் சரிபார்க்க வேண்டியது டைவ் முடியும்போது: 50 பார் மீதியிருக்கையில், பிசிடி காலியாக, 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிற்க முடிந்தால் எடை சரி. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு கிலோவாவது கூடுதலாகச் சுமக்கிறார்கள்.

நைட்ரஜன் மயக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 30 மீட்டரில் அது பலருக்குத் தெரியத் தொடங்கும். என் அனுபவத்தில் அது சினிமாவில் வருவது போன்ற கிறுகிறுப்பாக இல்லை. ஹேவ்லாக்கில் டிக்சன்ஸ் பினக்கிள் என்ற இடத்தில் ஒருமுறை கேஜைப் பார்த்தேன். 90 என்று இருந்தது. "தொண்ணூறு, நல்ல எண்" என்று தோன்றியது, திரும்ப மீன் கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டேன். எண் கண்ணுக்குத் தெரிந்தது, அதன் அர்த்தம் மண்டையில் ஏறவில்லை. சில நொடி கழித்துச் சுரீரென்று உறைத்தது. ஐந்தாறு மீட்டர் மேலே வந்ததும் தெளிந்துவிட்டது, மருந்தும் அதுதான். அன்றிலிருந்து கூட வருபவரிடம் கேஜைக் காட்டுவதும் அவர் விரலால் எண்ணைத் திரும்பக் காட்டுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். அவர் தாமதித்தாலோ தப்பாகக் காட்டினாலோ, கட்டைவிரல் மேலே, அதாவது மேலே கிளம்பலாம் என்ற சைகை.

நைட்ராக்ஸ் படிப்பையும் சேர்த்து முடித்துவிடுங்கள், ஆனால் அது என்ன தரும், என்ன தராது என்று தெரிந்துகொண்டு. 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்குக்கு 25 மீட்டருக்குள் இருப்பதற்குச் சமம். அனுமதிக்கப்படும் 20 நிமிடம் 29 ஆகிறது. உங்கள் காற்றுதான் 14 நிமிடத்தில் முடிந்துவிடுமே, பிறகு என்ன லாபம் என்று கேட்டால், அதே 14 நிமிடத்தில் உடம்பில் ஏறும் நைட்ரஜன் குறைவு. மயக்கத்தை அது பெரிதாகக் குறைக்காது. மாறாக ஒரு தரையை எழுப்பிவிடும்: ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பதால் 32 சதவீதக் கலவைக்கு 33 மீட்டர்தான் எல்லை. மீறினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு என்றால் மூழ்குவது. சிலிண்டரில் ஒட்டிய காகிதத்தை நம்பாமல் நீங்களே ஆக்சிஜன் அளக்கும் கருவியை வைத்து அளந்து கையெழுத்துப் போடுங்கள்.

சிக்னல் பலூனை ஹேவ்லாக்கில் முதன்முதலாக விரிக்காதீர்கள். பெங்களூரில் நீச்சல் குளத்திலேயே பத்து தடவை விட்டுப் பழகுங்கள், நூல் விரலில் சிக்கினால் அங்கே சிரித்துக்கொள்ளலாம். அந்தமானில் நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டால் அலைக்கு நடுவே தலை தெரியாது, பலூன் தெரியும். சின்ன டார்ச் ஒன்று, வலையை வெட்ட கத்தியைவிடக் கத்தரிக்கோல், அவ்வளவுதான் மற்றவை. நம் கடற்கரையில் அறுந்த மீன்வலைகளுக்குப் பஞ்சமில்லை. மாஸ்க்கை மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டாம், கடையில் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சிக் கையை விட்டால் ஒட்டி நிற்க வேண்டும்.

இனி பெங்களூர்க்காரர்களுக்கே உரிய இரண்டு தொல்லைகள். நம்மில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, குலுங்கிக் குலுங்கி மூன்று மணி நேரம் தூங்கி, காலையில் நேராகப் படகுக்குப் போகிறவர்கள். தண்ணீரும் குடிப்பதில்லை, பஸ் எங்கே நிறுத்துவான் என்ற பயம். தூக்கமின்மையும் உடம்பில் நீர்ச்சத்துக் குறைவும் ஆழத்துக்குக் கொண்டுபோகும் சாமான்கள் அல்ல. அந்த நிலையில் 12 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆழமான டைவ் மறுநாள்.

இரண்டாவது, திரும்பும் வழி. டைவ் முடித்தபின், பல டைவ்கள் போயிருந்தால் 18 மணி நேரம், ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த விதி எழுதப்பட்டது சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்தின் காற்றழுத்தத்துக்கு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் புதுச்சேரியில் இரண்டாவது டைவ் முடித்து, சாயங்காலம் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் உடம்புக்கு அது விமானம்தான். முருடேஸ்வரிலிருந்து மலைப்பாதை ஏறி வருகிறவர்களுக்கும் இதே கதை. ஆழமற்ற டைவ்களில் தப்பித்துக்கொண்டே இருந்ததால் யாரும் பேசுவதில்லை. 30 மீட்டர் டைவ்களுக்குப் பின் இந்தப் பழக்கம் வேண்டாம். சனிக்கிழமையோடு டைவை முடித்து ஞாயிறு ஊர் சுற்றுங்கள், அல்லது திங்கள் லீவு போடுங்கள். ஹேவ்லாக்கிலும் கடைசி நாள் முழுக்கக் கடற்கரையில் கழியட்டும்.

போகுமுன் டைவிங் காப்பீடு எடுத்துவிடுங்கள், கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், திறந்து காட்டச் சொல்லுங்கள். அழுத்த நோய்க்கு (உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாவதால் வருவது) முதலுதவி நூறு சதவீத ஆக்சிஜன், படுக்க வைப்பது, நினைவு இருந்தால் தண்ணீர். திரும்பத் தண்ணீருக்குள் இறக்குவது அல்ல. அந்தமானில் அழுத்த அறைச் சிகிச்சை ஸ்ரீ விஜய புரம் (முன்பு போர்ட் பிளேர்) கடற்படை மருத்துவமனையான ஐஎன்எச்எஸ் தன்வந்தரியில் இருக்கிறது, மும்பையில் ஐஎன்எச்எஸ் அஸ்வினியில்.

அறிகுறி ஒரு நாளுக்குள் பெரும்பாலும் காட்டிவிடும்: தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் விடாத வலி, மரத்துப்போதல், தலைச்சுற்று, தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, காரணமில்லாத அசதி. நான்கில் ஒருவருக்கு இதய அறைகளுக்கு நடுவே பிறப்பிலிருந்தே மூடாத சின்னத் துவாரம் இருக்கிறது, விதிகளை மீறாமலே அவர்களுக்கு இது வரலாம். பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் சாக்கு ஒன்றுதான், "ஸ்லீப்பர் பஸ்ஸில் படுத்ததில் தோள் பிடித்துக்கொண்டது". டைவ் முடித்த மறுநாள் தோள் வலித்தால் பஸ் மேல் பழி போடாதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள், டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "நேற்று 30 மீட்டர் ஆழத்தில் டைவ் செய்தேன்" என்று சொல்லுங்கள். கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.